சதுரங்கமும் தூரத்து எதிராளியும்



சுன்னாகத்துக்கும் மருதனார்மடத்துக்கும் அணித்தாய், செம்மண் தோட்டங்கள் சூழ அமைந்திருப்பது உடுவில் என்னும் எம் ஊர். அங்கே ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்து, இப்பொழுது அரசினர் பாடசாலையொன்றின் அதிபராக இருக்கின்றேன். பாடசாலை விட்ட பின்னர் மாணவர்க்குச் சதுரங்கம் பழக்குவது என் நெடுநாளைய வழக்கம். நான் பெரிய ஆட்டக்காரன் அல்லன், ஆட்டத்தை நேசிப்பவன், அவ்வளவே.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலை, பத்தாந் தரத்து மாணவனொருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். கைத்தொலைபேசியிலே இணையவழிச் சதுரங்கம் ஆடுபவன் அவன். “சேர், ஒரு வருசத்திலை மூவாயிரம் ஆட்டம் ஆடிப்போட்டன். புள்ளி மட்டும் ஏறுதில்லை. ஏன் சேர்?” என்று கேட்டான். “அந்தத் தொலைபேசியை எறிந்துவிட்டுப் பாடத்தைப் படி” என்று கடிந்து அனுப்பிவிட்டேன். பின்னர் அவ்விடை எனக்கே உவப்பாக இல்லை. ஒரு பிள்ளை ஓராண்டுக் காலம் உழைத்திருக்கின்றான். உழைப்புக்கு ஏன் பயன் கிட்டவில்லை என்று வினவுகின்றான். அவ்வினாவுக்கு விடை கூறாத ஆசிரியன் என்ன ஆசிரியன்? விடையைத் தேடிச் சதுரங்கத்தின் வரலாற்றைப் புரட்டலானேன். அங்கு நான் கண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

சதுரங்கம் பாரத நாட்டிலே தோன்றிப் பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் சென்று, அங்கிருந்து ஐரோப்பாவை அடைந்தது என்பதை யாவரும் அறிவர். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் அரசிக்கும் மந்திரிக்கும் நெடுந்தூரம் செல்லும் ஆற்றலை அளித்து ஆட்டத்தை விரைவுபடுத்தினர். பின்பு அதே ஆட்டம் கப்பலேறி நம் நாடுகளுக்குத் திரும்பி வந்தபோது, தாய்வீட்டார்க்கே அது புதியதாய்த் தோன்றிற்று. இங்கே ஆடப்பட்ட முறை ஒன்று. வந்த முறை வேறொன்று. இவ்விரண்டையும் இணைத்து, கற்போர் தேர்ச்சியுறும் பொருட்டு நூல் செய்தவர்களுள் ஒருவர் திருவேங்கடாசாரிய சாஸ்திரியார். அவர் வடமொழியில் இயற்றிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1814ஆம் ஆண்டு பம்பாயில் வெளிவந்தது. அதிலே முழு ஆட்டங்கள் பெரும்பாலும் இல்லை. நெருக்கடியான நிலைகளைக் காட்டி, ‘இதிலிருந்து எங்ஙனம் வெல்வாய்?’ என்று கற்போனை வினவும் புதிர்களே மிகுதி. மாணவனுடைய பயிற்சிக்கும் நினைவாற்றலுக்குமென்றே அந்நூல் ஆக்கப்பட்டது. இன்று கைத்தொலைபேசியிற் பிள்ளைகள் நாள்தோறும் விடுவிக்கும் சதுரங்கப் புதிருக்கு இருநூறு ஆண்டுக்கு முன்னரே நம் நாட்டவர் ஒருவர் நூல் வகுத்துள்ளார் என்பது மகிழ்ச்சிக்குரியதன்றோ?

அடுத்துக் கூறத்தக்கவர் சென்னையில் வாழ்ந்த குலாம் காசிம் என்பவர். ஜேம்ஸ் கொக்ரேன் என்னும் ஆங்கிலேயருடன் இணைந்து, ஒரு தொடக்கமுறையை ஆராய்ந்து இவர் எழுதிய நூல் 1829இற் சென்னையில் அச்சாயிற்று. அந்நூலிலேயே சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே கடிதத்தின் மூலம் நிகழ்ந்த இரண்டு ஆட்டங்களும் இடம்பெற்றன. ஓர் ஊரார் ஒரு நகர்வை எழுதியனுப்ப, மற்றை ஊரார் கூடி ஆராய்ந்து விடையனுப்பினர். முகங்காணாத எதிராளியோடு நெடுந்தூரத்திலிருந்து ஆடும் வழக்கம் தென்னகத்திற் சற்றேறக்குறைய இருநூறு ஆண்டு பழமையுடையது என்பதற்கு இது சான்றாகும். குலாம் காசிமின் பெயரால் வழங்கும் ஆட்டமுறையொன்று இன்றும் சதுரங்க நூல்களிற் காணப்படுகின்றது.

அதே காலத்தில் மேற்றிசையிலும் இது நிகழ்ந்தது. 1824ஆம் ஆண்டு இலண்டன் கழகத்துக்கும் எடின்பரோக் கழகத்துக்கும் இடையே கடிதப் போட்டியொன்று தொடங்கிற்று. அந்த 1824ஆம் ஆண்டிலேதான் எங்கள் உடுவிலில் அமெரிக்க மிஷனார் பெண் பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர் என்பதை ஊர்ப்பற்றுக் காரணமாக இங்கே குறிப்பிடுகின்றேன். ஐந்து ஆட்டங்களைக் கொண்ட அப்போட்டி முடிவுற 1828ஆம் ஆண்டு ஆயிற்று. எடின்பரோக் கழகம் வென்றது. அதில் அவர்கள் கையாண்ட ஒரு தொடக்கம் அன்று முதல் ஸ்கொட்லாந்துத் தொடக்கம் எனப் பெயர் பெற்றது. ஐந்து ஆட்டத்துக்கு நான்கு ஆண்டு! இன்றைய பிள்ளைகளுக்கு இது நகைப்பை விளைவிக்கும். ஆயினும், அந்நான்கு ஆண்டில் இரு நகரத்தாரும் ஒவ்வொரு நகர்வையும் நாட்கணக்காகப் பலகையின்மேல் வைத்து ஆராய்ந்தார்கள் என்பதை மறத்தலாகாது. தூரம் அவர்களுக்குக் கால அவகாசத்தைத் தந்தது. அந்த அவகாசத்திலிருந்தே அறிவு விளைந்தது.

கடிதத்தை அடுத்துத் தந்தி வந்தது. 1844ஆம் ஆண்டு, மோர்ஸ் என்பார் அமைத்த புதிய தந்தியின் வழியாக வாஷிங்டனில் இருந்தோரும் பால்டிமோரில் இருந்தோரும் சதுரங்கம் ஆடினர். பின்னர் கடலடித் தந்தி மூலம் இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஆண்டுதோறும் பொருதின. அதன்பின், இப்பொழுது என் குரலை உங்களிடம் சேர்ப்பிக்கின்றதே, அந்த வானொலியலையும் இத்தொண்டுக்கு வந்தது. 1945ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் தொடங்கி நான்கு நாள்கள் அமெரிக்க ஐக்கிய நாடும் சோவியத் ஒன்றியமும் பத்துப் பலகைகளில் வானொலித் தந்தியின் வழி ஆடின. உலகப் போர் ஓய்ந்த அந்த வாரத்திலேயே நிகழ்ந்த அப்போட்டியில் பதினைந்தரைக்கு நாலரை என்னும் புள்ளி வேறுபாட்டிற் சோவியத் அணி வென்றது. 1965இல் பொபி பிஷர், கியூபாவுக்குச் செல்ல அவருடைய அரசாங்கம் அனுமதியாமையால், நியூயோர்க்கிலுள்ள மார்ஷல் கழகத்தில் அமர்ந்து தொலைஅச்சின் வாயிலாக ஹவானாப் போட்டியில் பங்குபற்றினார். இவ்வாறு அரசியல் வகுத்த எல்லையையும் கடலையும் இவ்வாட்டம் தாண்டியது. ஆயின் ஒவ்வொரு படியிலும் கடிதம் தந்த அவகாசம் குறைந்துகொண்டே வந்தது என்பதையும் நோக்குக.

இனி, தமிழகத்திற் சதுரங்கம் தழைத்த வரலாற்றைச் சிறிது காண்போம். பர்மாவிற் பிறந்து தமிழகத்தில் வளர்ந்த மனுவேல் ஆரன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். ஒன்பது முறை தேசிய வாகை சூடிய அவருடைய முயற்சியால், 1972இல் சென்னையிலிருந்த சோவியத் பண்பாட்டு நிலையத்தில் மிகைல் தால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் எழுந்தது. அக்கழகத்துக்குச் சென்ற சிறுவர்களுள் ஒருவரே 1969இல் மயிலாடுதுறையிற் பிறந்த விசுவநாதன் ஆனந்த். அவருக்கு ஆட்டத்தைக் கற்பித்தவர் அன்னையார் சுசீலா. தந்தையாரின் தொழில் நிமித்தம் குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டில் வாழ்ந்த காலத்தில், அங்கே தொலைக்காட்சியில் நண்பகலில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி ஒளிபரப்பாகும். மகன் பாடசாலையில் இருக்கும் வேளை அது. ஆகவே, அன்னையார் அந்நிகழ்ச்சியிற் காட்டப்பெறும் புதிரைத் தாளில் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் அமர்ந்து விடைகண்டு அனுப்புவர். பரிசாக வரும் புத்தகங்களை அச்சிறுவர் மீண்டும் மீண்டும் வென்றமையால், வேண்டிய நூல்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்பாதிருக்குமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டனர் என்பர். 1988இல் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டரான அவர், 2000ஆம் ஆண்டு உலக வாகையராகி, 2007 முதல் 2013 வரை மறுப்பாரின்றி அப்பட்டத்தைத் தாங்கினார்.

‘ஆனந்த் சிறுவயதில் மின்னல் வேகத்தில் ஆடியவர் அல்லரோ? அங்ஙனமாயின் விரைவாட்டத்தைக் குறைகூறுவது எவ்வாறு பொருந்தும்?’ என்று நீங்கள் வினவலாம். நல்ல வினாவே. தால் கழகத்தில் வென்றவர் இருக்கையில் அமர்ந்திருக்க, தோற்றவர் எழுந்து தம்முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே எதிராளி எதிரே இருந்தார். தோற்றவன் எழுந்து நின்ற பொழுதில், வென்றவனது ஆட்டத்தை உற்றுநோக்கினான். வீட்டுக்குச் சென்றால் அன்னை எழுதிவைத்த புதிர் காத்திருந்தது. ஆகவே அவ்விரைவைச் சுற்றி ஆறுதலான பயிற்சி வேலியாக அமைந்திருந்தது. வேலியில்லாத விரைவுதான் பயிரை அழிப்பது.

இணையத்தின் வரலாறு இவ்விடத்திற் புகுகின்றது. உலகெங்குமுள்ளோர் கணினி வழியாக ஒருவரோடொருவர் ஆடத்தக்க முதலாவது சதுரங்க வழங்கி 1992இல் இயங்கத் தொடங்கியது. 1995இல் அது கட்டணம் அறவிடும் கழகமாக மாற, அதை ஒப்பாதோர் அதே ஆண்டில் இலவச வழங்கியொன்றைத் தொடங்கினர். செஸ்.கொம் என்னும் தளம் 2007இலும், திபோ துப்ளெசி என்னும் பிரெஞ்சுக்காரர் ஆக்கி இலவசமாக வழங்கிய லிச்செஸ் 2010இலும் தோன்றின. 2020இற் கொள்ளைநோய் பரவிப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகள் பெருந்தொகையாக இத்தளங்களை நாடினர். எம் ஊர்ப் பிள்ளைகளும் அவ்வாறே. நள்ளிரவில் உடுவிலில் இருக்கும் பையனுக்கு, பிரேசிலில் ஓர் எதிராளி ஐந்து விநாடியிற் கிடைக்கின்றார். இது சாதாரண நன்மையன்று. என் இளமையில், எனக்கு எதிராளிகளாக ஊர் வாசிகசாலையில் மூவர் இருந்தனர். அவர்களுள் ஒருவர்க்கு எப்பொழுதும் தலையிடி.

ஆயின், நன்மையோடு ஒரு மயக்கமும் வந்தது. அஃது எண் பற்றிய மயக்கம். ஆட்டக்காரரின் வலிமையை எண்ணால் அளக்கும் முறையை வகுத்தவர் ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவிற் பௌதிகப் பேராசிரியராக விளங்கிய ஆர்பாட் ஏலோ. அவருடைய முறையை அமெரிக்கச் சம்மேளனம் 1960இலும், உலகச் சம்மேளனம் 1970இலும் ஏற்றன. அதன் கருத்து எளியது. இருவருடைய எண்ணும் சமமாயின், நூறு ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஐம்பது புள்ளி பெறுவர். ஒருவர் 200 மிகுந்தவராயின் ஏறத்தாழ 76 புள்ளியும், 400 மிகுந்தவராயின் ஏறத்தாழ 91 புள்ளியும் பெறுவர். இணையத் தளங்கள் இம்முறையைத் திருத்தியமைத்துக் கையாள்கின்றன. எனவே ஒரு தளத்தின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடலாகாது.

இனி, நம் மாணவனுடைய கணக்கைப் பார்ப்போம். தளம் அவனுக்கு எப்பொழுதும் அவனையொத்த எதிராளியையே தேடிக் கொடுக்கின்றது. ஆகவே அவன் பாதி வெல்வான், பாதி தோற்பான். வென்றால் சிறிது வலியவரும், தோற்றால் சிறிது மெலியவரும் வருவர். ஆட்டத்தின் தொகை எவ்வளவாயினும், ஆட்டக்காரன் மாறாதவரை எண்ணும் மாறாது. எண் என்பது வெப்பமானியைப் போன்றது. காய்ச்சற்காரன் வெப்பமானியை நூறுமுறை வாயில் வைத்தெடுத்தால் காய்ச்சல் தணியுமா? அவன் ஆடிய 3,000 ஆட்டங்களில் ஏறக்குறைய 1,500 தோல்விகள் இருந்திருக்கும். அவற்றுள் ஒன்றையேனும் அவன் திரும்பிப் பார்த்ததில்லை. 1,500 கடிதங்கள் அவன் பெயருக்கு வந்து பிரிக்கப்படாமற் கிடந்தன எனலாம்.

தேர்ந்தவர்க்கும் தேராதவர்க்கும் வேறுபாடு யாது என்பதை ஆராய்ந்தோர் உளர். ஒல்லாந்து நாட்டு உளநூலார் அத்ரியான் த குரூட் 1946இல் வெளியிட்ட ஆய்வில், பெரும் ஆட்டக்காரர் ஏனையோரிலும் மிக நீளமாகக் கணிப்பவரல்லர் என்றும், நல்ல நகர்வை விரைவிற் காண்பவர் என்றும் புலப்படுத்தினார். 1973இல் சேஸ், சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பலகையை ஐந்து விநாடி காட்டி மறைத்து, காய்களை மீண்டும் அடுக்கச் செய்தனர். மெய்யான ஆட்டத்தினின்று எடுத்த நிலையாயின் மாஸ்டர் பெரும்பாலான காய்களைத் தவறாது வைத்தார். தொடக்கநிலையினர் நான்கைந்து காய்களையே வைத்தனர். காய்களை ஒழுங்கின்றிச் சிதறவைத்துக் காட்டியபோதோ, மாஸ்டரின் மேன்மை பெரிதும் மறைந்துவிட்டது. இதனாற் பெறப்படுவது யாது? அவருடைய நினைவாற்றல் பிறர்க்கில்லாத அதிசயமன்று. எழுத்துக்கூட்டி வாசிப்பவன் எழுத்தைக் காண்கின்றான். வாசிக்கப் பழகியவன் சொல்லைக் காண்கின்றான். அவ்வாறே மாஸ்டர் காயைத் தனித்துக் காணாது, காய்களின் சேர்க்கையைக் காண்கின்றார். அச்சேர்க்கைகள் மனத்திற் பதிவது, நின்று பார்த்த ஆட்டங்களிலிருந்தே. ஓடிக் கடந்த ஆட்டங்களிலிருந்து அன்று.

மின்பொறியியலாளராகவும் உலக வாகையராகவும் விளங்கிய மிகைல் பொத்வின்னிக் இதனைத் தம் வாழ்வில் நிறுவினார். தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியை அச்சிட்டு வெளியிடல் வேண்டும். பிழையிருப்பின் பிறர் சுட்டிக்காட்டுவர் என்பது அவருடைய கொள்கை. நம் காலத்தில், சென்னையில் 2006ஆம் ஆண்டு பிறந்த குகேஷ், கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னாவின் வழிகாட்டலிற் பயின்றபோது, உயர்ந்த நிலையை எட்டும் வரை கணினி இயந்திரத்தின் துணையை நாடாது தம் மதியாலேயே கணித்துப் பழகினார். அவரே 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் டிங் லிரெனைப் பதினான்காவது ஆட்டத்தில் வென்று, பதினெட்டு வயதில் உலக வாகையரானார். கைக்கெட்டும் தூரத்தில் எல்லா விடையும் இருக்க, அவ்விடையைப் பாராது சிந்தித்த இளைஞர் அவர்.

இயந்திரத்தைப் பற்றிக் கூறும்போது என் மாணவனுடைய கதையை முடித்தல் வேண்டும். அவன் முதல்நாள் என்னிடம் வந்தபோது ஒன்றை மறைத்திருந்தான். சில நாள் கழித்து நானே அவனை அழைத்து, அன்று கடிந்தமைக்கு வருந்திப் பேசினேன். தலையைக் கவிழ்ந்தவாறே அவன் உண்மையைச் சொன்னான். எண் ஏறாத ஏக்கத்தால், வேறொரு சாளரத்தில் இயந்திரத்தைத் திறந்துவைத்து, அது காட்டிய நகர்வுகளைத் தன் நகர்வாக ஆடியிருக்கின்றான். எண் ஏறிற்று. பின்னர் தளத்தார் கண்டுபிடித்து அவன் கணக்கை மூடிவிட்டனர். 1997இல் டீப் புளூ என்னும் கணினி உலக வாகையர் கஸ்பரோவை வென்ற நாள் முதல் இயந்திரம் மனிதனை விஞ்சியது என்பது வெளிப்படை. இன்று ஒரு சிறுவனுடைய சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசி எந்தக் கிராண்ட்மாஸ்டரையும் வெல்லும். சோதனை அத்துணை அண்மையில் இருக்கும்போது பிள்ளை இடறுவது வியப்பன்று.

நேயர்களே, அவனைத் தண்டிக்க என் நா எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

1990ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரியது. ஜாம் போத்தலில் வைத்த சிறு விளக்கின் ஒளியிலேயே நாம் படித்தோம், சதுரங்கமும் ஆடினோம். என் நண்பன் ஒருவன் 1993இல் கிளாலிக் கடல்நீரேரியைப் படகிற் கடந்து கொழும்பு சென்றான். இருவரும் தபால் மூலம் ஓர் ஆட்டம் தொடங்கினோம். கடிதம் வந்துசேர வாரக்கணக்காகும். மாதத்துக்கு ஒரு நகர்வு. பதினான்காம் நகர்வில் என் நிலை மோசமாயிற்று. வாசிகசாலைக்கு வரும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் பலகையைக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பார்த்துக் குதிரையைத் தூக்கி வைத்தார். அதனால் எதிரியின் கோட்டை வீழ்ந்தது. அந்நகர்வை என்னுடையதென்றே எழுதியனுப்பினேன். சென்னையாரும் எடின்பரோக் கழகத்தாரும் கூடி ஆராய்ந்தது, இருபுறமும் அறிந்த உடன்பாடு. தனியொருவனோடு தனியொருவன் ஆடுவதாகச் சொல்லிப் பிறரைக் கேட்பது அவ்வாறன்று. நண்பன் என் முன்னேற்றத்தைப் பாராட்டி எழுதியிருந்தான். அக்கடிதத்தை என்னால் இருமுறை வாசிக்க முடியவில்லை.

பத்தொன்பதாம் நகர்வோடு ஆட்டம் நின்றது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் ஊரைவிட்டுப் புறப்பட்டோம். பலகையும் கடிதங்களும் வீட்டோடு போயின. நண்பன் கனடா சேர்ந்தான். இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் இணையத்தின் வழியாக ஒருவரையொருவர் கண்டோம். அவனிடம் நகர்வுகள் எழுதிய கொப்பி பத்திரமாக இருந்தது. ‘விட்ட இடத்திலிருந்து ஆடுவோமா?’ என்று கேட்டான். அப்பொழுதுதான் பதினான்காம் நகர்வைப் பற்றிச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, “அது உன்ரை நகர்வு இல்லையெண்டு எனக்கு அப்பவே தெரியும்” என்றான். பதினான்காம் நகர்விலிருந்து மீண்டும் தொடங்கினோம். இம்முறை குதிரையை விடுத்து என் மனத்திற் பட்டதை ஆடினேன். தோற்றேன். பின் இருவரும் அத்தோல்வியை ஆராய்ந்தபோது, அரசனைக் காவாமல் எதிரியின் காலாளை விரட்டும் என் பழைய குறை தெளிவாகத் தெரிந்தது. கணித ஆசிரியரின் நல்ல நகர்வு இருபத்தைந்து ஆண்டுக் காலம் அக்குறையை என் கண்ணுக்கு மறைத்திருந்தது.

இதனை மாணவனுக்குச் சொன்னேன். இரவல் நகர்வால் வரும் இழப்பு எதிராளிக்கு மட்டுமன்று. தன் குறையைக் காணும் வாய்ப்பை ஆட்டக்காரனே இழக்கின்றான். இயந்திரம் தீயதென்று நான் கூறவில்லை. அனைத்துலகத் தபாற் சதுரங்கச் சம்மேளனம் தன் போட்டிகளிற் கணினித் துணையை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றது. வெளிப்படை என்பதே அங்கு முக்கியம். ஆட்டம் முடிந்து, தன் மதியால் ஆராய்ந்த பின்னர், விடைத்தாளைப் பார்ப்பதுபோல் இயந்திரத்தைப் பார்த்தல் நன்று. பரீட்சைக்கு முன் விடைத்தாளைப் பார்ப்பது கல்வியாகாது.

மற்றொரு பழக்கத்தையும் விடுமாறு கூறினேன். தோற்றபோதெல்லாம் ‘இணைப்பு அறுந்துவிட்டது, சேர்’ என்பான். இணைப்பு அறுவதும் உண்டு. 2020இல் இணையவழி ஒலிம்பியாட்டின் இறுதிப் போட்டியில் இந்திய வீரர் இருவருக்கு இணைப்பு அற்றமையால், இந்தியாவையும் ரஷ்யாவையும் கூட்டு வெற்றியாளராக அறிவிக்க நேர்ந்தது. ஆயினும் நம்போன்றோர் தோல்விகளில் இணைப்பின் பங்கு மிகச் சிறிதே. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். அக்கதை இணையத்திலும் உண்டு.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலங்களையும் கடந்தது. தொலைபேசிகள் உயிரிழந்தன. வேறு வழியின்றிப் பிள்ளைகள் மரப்பலகையைத் தேடி என்னிடம் வந்தனர். அம்மாணவனுக்கு ஒரு கொப்பி கொடுத்து, நினைவிலுள்ள அல்லது தளத்தில் பதிவாகியுள்ள தோல்விகளில் இருபதை எழுதச் சொன்னேன். ஒவ்வொன்றின் கீழும் மூன்று வினா: எந்த நகர்வில் ஆட்டம் கைமாறியது? அப்பொழுது என்ன நினைத்தேன்? எதிராளியின் கருத்தை நோக்கினேனா? முதல் வாரம் முகஞ்சுளித்தான். இரண்டாம் வாரம் தானே ஓர் உண்மையைக் கண்டான். தன் தோல்விகளிற் பெரும்பாலானவை ஆழ்ந்த சூழ்ச்சியால் நேர்ந்தவையல்ல. காவலற்று நின்ற ஒரு காயைக் காணாது விட்டமையால் நேர்ந்தவையே. 3,000 ஆட்டம் காட்டாததை இருபது ஆட்டம் காட்டிற்று.

பின்னர், புதிய கணக்கு ஒன்றைத் தன் மெய்ப்பெயரில் தொடங்கினான். நாளுக்கு ஓர் ஆட்டம்; அதுவும் அரைமணி நேரம் தருகின்ற ஆட்டம். அதன்பின் கொப்பி. அதன்பின் சில புதிர்கள். எண் சிறிது ஏறியது, பெரிதாக அன்று.

ஆகவே, ஆட்டம் பயில விரும்புவோர்க்கு வரலாறு கூறும் விடை இதுவென்று நான் கருதுகின்றேன். தூரத்து எதிராளியை நமக்கு முதலிற் கொணர்ந்தது கடிதம். அஃது அவகாசத்தையும் உடன் கொணர்ந்தது. பின்வந்த கருவிகள் எதிராளியை விரைவாகக் கொணர்ந்தன. அவகாசத்தை வழியில் விட்டுவந்தன. அதனைத் திரும்ப எடுத்துக்கொள்வது இனி நம் பொறுப்பு. எந்தத் தளமும் அதை நமக்குத் தாராது. எந்தத் தளமும் நம்மைத் தடுக்கவும் மாட்டாது.

அடுத்த ஆண்டு அம்மாணவன் வலயமட்டப் போட்டிக்குச் சென்று திரும்பினான். வென்றானா, தோற்றானா என்று கேட்க வாயெடுத்தேன். அவன் அதைப்பற்றி ஒன்றும் பேசாது கொப்பியை என்முன் விரித்து, “சேர், இருபத்திரண்டாவது நகர்வைப் பாருங்கோ. இதிலைதான் பிழை விட்டிட்டன்” என்றான். இருவரும் பலகையை எடுத்து வைத்து அமர்ந்தோம். பாடசாலை வாயில் பூட்டும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை.